மைசூருக்குப் போன மனைவிகள்

தேயிலை விலை அடியோடு விழுந்து கிடந்த அந்த இரண்டு மூன்று வருடங்களில், நீலகிரியில் காணாமல் போன மனைவிகள் எல்லோரும் மைசூரில் இருந்தார்கள். அப்படித்தான் அக்கா சொல்லிக்கொண்டிருந்தார்.

குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து இறங்கும் சரிவில் எங்கள் அலுவலகம். புருஷனிடம் அடிபட்டு வரும் பெண்களுக்கு உதவும் தொண்டு நிறுவனம் அது. பெண்டாட்டியைத் தேடிக்கொண்டு எவனாவது வந்து கதவை உதைப்பான். அக்கா நிதானமாக வெளியே வருவார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பார். "அடடா, மைசூருக்கில்ல போயிட்டா. நேத்து காலைல பஸ்ஸு. ஜன்னல் சீட்டு கெடைக்கலன்னு சடச்சுக்கிட்டே போனா" என்பார். அந்த ஜன்னல் சீட்டைக் கேட்டதும் வந்தவனுக்கு நம்பிக்கை வந்துவிடும். அவனுடைய மனைவி அந்த நேரத்தில் பின்கட்டில் உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருப்பாள்.

ஒருவர் நிஜமாகவே கிளம்பி, கூடலூர் வழியாக மைசூர் போய், நாலு நாள் தெருத்தெருவாகத் தேடிவிட்டு வந்தார். போன இடத்தில் மனசு இளகி மைசூர்பாகு வேறு வாங்கி வந்திருந்தார். பெண்டாட்டி கண்ணில் பட்டால் கொடுத்துவிடுங்கள் என்று அக்காவிடமே நீட்டினார். அக்கா மறுக்கவில்லை. உள்ளே வந்து பங்கு போட்டார். அவர் மனைவிக்குத்தான் பெரிய துண்டு.

நான் கோயம்புத்தூரில் சமூகப்பணி முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதப் பயிற்சிக்கு மலையேறி வந்தவள். நான்கு ஸ்வெட்டர், ஒரு டைரி, நிறைய கலைச்சொற்கள், நல்ல கையெழுத்து. இவைதாம் நான் கொண்டுவந்த ஆயுதங்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு டைரக்டர் மேடத்துக்குப் பிடித்துப்போனது கையெழுத்து ஒன்றுதான். மேடம் எங்களூர் மில்காரர் வீட்டுப் பெண். காஷ்மீர் சால்வை இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை. "ஏனம்மா, உங்கையெழுத்து முத்துமுத்தா இருக்குதே! சார்ட் எழுதிப் போடும்மா, எம்பவர்மென்ட் பத்தி" என்றார். எழுதினேன். ஒரே வாரத்தில் சுவர் முழுக்கச் சார்ட். அடிபட்டு வந்த பெண்கள் யாரும் அவற்றைப் படித்ததாக நினைவில்லை. வெளி பெஞ்சில் காத்திருந்த புருஷன்மார்கள்தாம் பொழுது போகாமல் பெண்களின் உரிமைகளை வரி விடாமல் படித்தார்கள்.

அக்கா எங்கள் களப்பணியாளர். இலங்கைத் தோட்டத்திலிருந்து தாய் தகப்பனோடு சின்ன வயதில் கப்பலேறி வந்து, இங்கே அரசுத் தோட்டத்தில் கொழுந்து பறித்து வளர்ந்தவர். நான் பார்க்கும்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். குள்ளம். கால்களில் பழைய அட்டைக்கடித் தழும்புகள். என்ன படிப்பு என்று கேட்டால் ஒரு நாள் எட்டாவது என்பார், ஒரு நாள் டீச்சர் டிரெயினிங் என்பார். கேட்பவரைப் பொறுத்தது. அவ்வளவு சரளமாகப் பொய் சொல்லும் மனுஷியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பின்னால் பெரிய பெரிய நிறுவனங்களில் வேலை பார்த்திருக்கிறேன் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

எங்கள் வாசல் பலகையே பொய்தான். 'தையல் பயிற்சி நிலையம்' என்று இருக்கும். அக்காவின் யோசனை. ஞாயிற்றுக்கிழமை தையல் கிளாஸ் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பெண்கள் எளிதாக வந்து போவார்கள். முன்னறையில் ஒரு தையல் மிஷின் உண்டு. அதற்கு ஊசி கிடையாது. வருகிற ஒவ்வொரு பெண்ணும் திரும்பிப் போகும்போது அக்கா ஆளுக்கொரு ஜாக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்புவார், தைத்ததற்குச் சாட்சியாக. ஜாக்கெட்டை மார்க்கெட் பக்கத்து டெய்லர் தைத்துக் கொடுப்பார். "எம் பொண்டாட்டி நல்லாத் தைக்கிறாங்க" என்று ஒரு புருஷன் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனது எனக்குத் தெரியும்.

அக்காவின் பொய்களில் ஒரு பழக்கத்தைச் சீக்கிரமே கண்டுபிடித்து டைரியில் குறித்துவைத்தேன். எந்தப் பொய்யிலும் தேவையே இல்லாத ஒரு விவரம் இருக்கும். கிடைக்காத ஜன்னல் சீட்டு. இன்ஸ்பெக்டரின் ஜலதோஷம். வக்கீல் வீட்டு நாய் போட்ட குட்டி. அந்த ஒரு விவரத்தைக் கேட்டதும் மொத்தக் கதையும் உண்மையாகிவிடும். இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ரொம்பப் பெருமை. மற்றவர்களை ஏமாற்றலாம், என்னை முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

அது புருஷன்மார்களுக்குப் பொற்காலம். காரணம் கையிலேயே இருந்தது. கேட்டால் உடனே, "இலைக்கு வெல இல்லீங்க" என்பார்கள். ஃபாக்டரிகள் வாரத்தில் பாதி நாள் ஓடவில்லை. ஆண்கள் வீட்டிலேயே இருந்தார்கள். அதுதான் வினை. கோத்தகிரிப் பக்கத்திலிருந்து சொந்தத் தோட்டம் வைத்திருந்த ஒருவர் வந்தார். கம்பளிக் கோட்டு, படிய வாரிய தலை. மனைவிக்குக் காது சவ்வு கிழிந்திருந்தது.

"வெல உழுந்ததுல இருந்து மண்ட காயுதுங்க. நம்மளயறியாம கை நீண்டுருது" என்றார்.

நான் நோட்டை எடுத்து 'பொருளாதார அழுத்தம்' என்று எழுதினேன். அக்கா அவருக்கு டீ ஊற்றிக்கொண்டே பரிவாகக் கேட்டார். "பாவம். வெல நல்லா இருந்தப்ப எப்படிங்க?"

"அப்ப கையில காசு இருந்துச்சு. கொஞ்சம் குடிப்பேன்."

"குடிச்சா?"

அவர் சார்ட்டைப் பார்த்தார். "குடிச்சா மனுசன் நெதானத்துலயா இருப்பான்?"

"அப்ப ஏறுனாலும் அடி, எறங்குனாலும் அடி" என்றார் அக்கா. "ஒங்க சம்சாரத்துக்கு மட்டும் மார்க்கெட் ஒரே சீரா இருந்திருக்கு. டீயக் குடிங்க, ஆறிறும். அவங்க மைசூருக்குப் போயிட்டாங்க."

நான் எழுதியதை அடித்துவிட்டேன்.

மேடத்தின் கவலை வேறு. நன்கொடை கொடுப்பவர்கள் சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருவார்கள். வந்தால் அடிபட்ட பெண்ணைப் பார்க்க வேண்டும் என்பார்கள், மசினகுடியில் ஜீப்பில் ஏறி யானையைப் பார்க்க ஆசைப்படுவது போலத்தான். ஒருமுறை ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்திருந்தார்கள். பின்கட்டில் அன்று மூன்று பெண்கள் இருந்தார்கள். மேடம் கண்ணைக் காட்ட, கூட்டிவருவதாகச் சொல்லி அக்கா உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் முக்காடு போட்ட ஒரு பெண் தனியாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தலை குனிந்தபடியே பேசினாள். ஈர விறகால் அடித்தது, தேயிலைச் செடிக்கடியில் இரண்டு நாள் ஒளிந்திருந்தது, அப்போது ஒரு குயில் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. மேடம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தவர், குயிலுக்கு வந்ததும் சட்டென்று நின்றார். முக்காட்டுக்குள் இருப்பது அக்கா என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. வெள்ளைக்கார அம்மாள் அழுதுகொண்டிருந்தார். மேடத்துக்கு வேறு வழியில்லை. குயிலையும் மொழிபெயர்த்தார்.

பிறகு அக்காவைக் கேட்டேன். "ஏனுங்க்கா இப்படி? அவங்களுக்குத் தெரிஞ்சா என்னாவறது?"

"அடிபட்டவள காட்சிக்கு வெக்கணுமாக்கும்? நான் அழுதேன், பெட்ஷீட்டு வந்துச்சு. அவளுக போத்திக்கிட்டுத் தூங்குவாளுக."

"அந்தக் கதை யாருதுங்க்கா?"

"யாருதோ" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அக்காவின் புருஷனைப் பற்றி எனக்கு மூன்று கதைகள் தெரியும். மூன்றிலும் அவர் வேறு வேறு ஊர்களில் வேறு வேறு வியாதியில் இறந்திருந்தார். எனக்கு அக்கா மேல் கொஞ்சம் பயம் வந்தது அன்றைக்குத்தான்.

ஆனால் பின்கட்டுப் பெண்களிடம் அக்கா ஒரு பொய்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. "அவரு திருந்திருவாராக்கா?" என்று கேட்பார்கள். சாத்தியங்களைச் சேர்ந்து ஆராய்வோம் என்று சொல்லும்படி எனக்குக் கல்லூரியில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அக்கா, "மாட்டான்" என்பார். கேஸ் ஜெயிக்குமா என்றால், "தோக்கும். ஆனா போடணும்" என்பார். கேட்டவள் அழுவாள், பிறகு சாப்பிடுவாள். ஒருநாள் நான் வாய்விட்டே கேட்டுவிட்டேன், ஊரெல்லாம் பொய், இவர்களிடம் மட்டும் ஏன் இப்படி என்று.

"இவளுக உண்மைய வெச்சு ஏதாச்சும் செஞ்சாகணும் தங்கச்சி. செய்யத் தெரியாதவங்களுக்கு எதுக்கு உண்மை? குடுத்தா அத வெச்சுக்கிட்டு நம்மளத்தான் படுத்துவாங்க."

இதையும் முத்துமுத்தாக டைரியில் எழுதிக்கொண்டேன்.

இப்போது தவமணிக்கு வருகிறேன். கொலக்கம்பைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண், அப்போது முப்பது வயதுக்குள். புருஷனுக்கு அதே தோட்டத்து ஃபாக்டரியில் வேலை. ஃபாக்டரி நின்று நின்று ஓடியது. நின்ற நாளெல்லாம் அவளுக்கு அடி. பிரிந்து போவேன் என்று ஒருமுறை வாய்தவறிச் சொன்னதற்கு, போனால் கையை முறிப்பேன் என்று சொல்லியிருந்தான். தையல் கிளாஸுக்கு வருவதாக நான்கைந்து ஞாயிறு வந்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலையும், மகளோடு தங்க ஒரு விடுதியும் அக்கா ஏற்பாடு செய்திருந்தார். மகளின் பரீட்சை முடியும் நாளில் கிளம்ப வேண்டும். அதுவரைக்கும் புருஷனுக்கு வாசனைகூடப் போகக் கூடாது. தொடர்ந்து வந்தால் சந்தேகம் வரும் என்று, இரண்டு ஞாயிறு வராமல் இருக்கும்படி அக்காவே சொல்லியிருந்தார். எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் ஃபைலைப் பார்த்தேன். இரண்டு ஞாயிறாக வரவில்லை. பாடத்தில் இதற்கு வழி இருந்தது. தொடர்பு விட்டுப்போனவருக்கு அக்கறையான ஒரு கடிதம் எழுத வேண்டும். எழுதினேன். 'அன்புள்ள தவமணி அவர்களுக்கு' என்று தொடங்கி, 'உங்கள் பாதுகாப்பும் புதிய வாழ்க்கையும் எங்களுக்கு மிக முக்கியம்' என்று முடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக நான் எதையும் எழுதியதில்லை. நிறுவனத்தின் கவரில் போட்டேன். வாசல் பலகைதான் தையல், கவரில் மேடம் விருப்பப்படி நிறுவனத்தின் முழுப்பெயரும் ஊதா எழுத்தில் இருக்கும், பெண்கள் பாதுகாப்பு உட்பட. திங்கட்கிழமை மத்தியானம் தபாலில் சேர்த்தேன்.

புதன்கிழமை காலை அக்காவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடி கையிலேயே நின்றது.

"எஸ்டேட் விலாசத்துக்கா போட்ட?"

"ஆமாங்க்கா. பேரு, லயத்து வீட்டு நம்பர் எல்லாம் தெளிவா எழுதிட்டேன்."

"தங்கச்சி, எஸ்டேட்ல தபால் லயத்துக்கு வராது. ஆபீஸ் பையில வரும். மறுநா காலைல பெரட்டுல, அத்தன ஆளு நிக்கிற எடத்துல, கணக்கப்புள்ள பேரு கூப்புட்டுக் குடுப்பாரு. பொம்பள பேருக்கு வந்தா புருஷன் கையிலதான் குடுப்பாரு. அதுதான் அங்க மருவாதி."

பெரட்டு என்றால் காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். அந்த வார்த்தையே எனக்கு அன்றுதான் தெரியும். மூன்று மாதத்தில் எம்பவர்மென்ட்டுக்கு ஏழு தமிழ்ச்சொல் கண்டுபிடித்திருந்தேன்.

அக்கா குடையைக்கூட எடுக்காமல் பஸ்ஸுக்கு ஓடினார். அன்று திரும்பவில்லை. நான் சாப்பிடாமல் அவர் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு ஜன்னலிலேயே நின்றேன். கல்லூரியில் தெரிந்தால் என் மதிப்பெண் என்னாகும் என்றும் இடையிடையே நினைத்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் இது முழுக்கதை ஆகாது.

மறுநாள் காலை அதே புடவையில் வந்தார், விளிம்பெல்லாம் சேறு. "கெடச்சிருச்சு" என்றார்.

"லெட்டருங்களா?"

"இன்னும் குடுக்கவே இல்ல. தபால் பை தூக்குறவன வழியிலயே புடிச்சேன். பாவம், கால்ல ஆணி அவனுக்கு, நொண்டி நொண்டி வந்தான். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபீஸ்ல இருந்து தப்பாப் போட்டுட்டாங்க, குடுத்தியன்னா ஒன்னையுந்தான் வந்து கேப்பாங்கன்னேன். ரெண்டு கையாலயும் எடுத்துக் குடுத்துட்டான். அடுப்புல போட்டாச்சு. அவளையும் புள்ளையையும் கையோட திருப்பூருக்கு ஏத்தி வுட்டுட்டேன். போ, போய்ச் சாப்புடு."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அந்த நொண்டித் தபால்காரனை நினைத்து நினைத்துச் சிரித்தேன். அக்காவும் சிரித்தார். பயிற்சி அறிக்கையில் இந்தச் சம்பவத்தை 'நெருக்கடி நேரத்தில் குழு ஒத்துழைப்பு' என்ற தலைப்பில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். என் பேராசிரியர் ஓரத்தில் மிக நன்று என்று குறித்திருந்தார்.

அதற்குப் பிறகு நான் நன்றாகவே முன்னேறினேன். கம்பெனி கம்பெனியாகப் போய்ப் பெண் தொழிலாளர்களுக்கு வகுப்பெடுப்பது என் தொழிலாயிற்று. குன்னூர் அலுவலகத்தை மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன், நன்கொடைக்காரர்களுக்கு வேறு ஏதோ பிடித்துப்போயிருந்தது. அக்காவுக்கு ஒரு கடிதம்கூட நான் எழுதவில்லை. கையெழுத்து மட்டும் மாறவே இல்லை.

போன வருடம் திருப்பூரில் ஒரு கம்பெனியில் வகுப்பு. தலைப்பு, 'பணியிடத்தில் நல்ல தகவல் தொடர்பு'. போர்டில் எழுதிப் பேசி முடித்ததும் எல்லோரும் போய்விட்டார்கள். தலை நரைத்த சூப்பர்வைசர் அம்மா ஒருத்தர் மட்டும் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது நீங்க எழுதுனதுங்களா?"

"ஆமாங்க."

"குன்னூர்ல இருந்தீங்களா? தையல் கிளாஸ்ல?"

அப்போதுதான் பெயர் சொன்னார். எனக்கு அப்படியொரு சந்தோஷம். "தவமணியா! அக்கா அந்த லெட்டர வழியிலயே வாங்கி அடுப்புல போட்டுட்டுத்தான உங்கள ஏத்தி வுட்டாங்க! அந்த நொண்டித் தபால்காரரு..."

"எந்த நொண்டிங்க?" என்றார் தவமணி.

ஜன்னல் சீட்டும் குயிலும் கால் ஆணியும் அந்த நிமிஷம் ஒன்றாக வந்து நின்றன. கண்டுபிடித்து டைரியில் எழுதிவைத்தவள் நான்தான்.

"பெரட்டுல வெச்சுக் குடுத்துட்டாங்களேங்க. அத்தன சனத்துக்கு முன்னால. சொன்ன மாதிரியே கையத்தான் முறிச்சாரு." இடது கையை நீட்டினார். மணிக்கட்டு ஒரு பக்கமாக வளைந்து இறுகியிருந்தது. "அக்கா வர்றப்ப மத்தியானம் ஆயிருச்சு. ஆஸ்பத்திரில ராப்பூரா கூடவே இருந்தாங்க. கட்டுப் போட்டு, புள்ளயப் பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டியாந்து, விடிஞ்சதும் அங்கிருந்தே பஸ் ஏத்தி வுட்டாங்க. பரீட்ச போச்சு. புள்ள அந்த வருசத்தத் திருப்பிப் படிச்சுது. லெட்டரு எங்கிட்டதாங்க இருக்குது. எம்பேருக்கு வந்த ஒரே லெட்டரு அது. எத்தன தடவ படிச்சிருப்பேன். அதான் போர்டப் பாத்ததும்..."

"யாரு எழுதுனதுன்னு அக்காகிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டேனுங்க. அக்கா எங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டாங்களே. ஆபீஸ்ல ஒரு படிச்ச புள்ள, தெரியாமப் பண்ணிருச்சுன்னாங்க. இப்பவும் போன்ல பேசுவோம், போன வாரங்கூடப் பேசுனாங்க." எனக்கு அக்காவின் நம்பரே தெரியாது. தவமணி சின்னதாகச் சிரித்தார், குத்திக்காட்டுகிற சிரிப்பு இல்லை. "அந்தப் புள்ளகிட்டச் சொன்னீங்களான்னு கேட்டேன். எதுக்குடி சொல்லணும்னாங்க. சொன்னா அது ஒக்காந்து அழும், ஒன் கையப் பாக்கறதா, அதுக்குத் தண்ணி மோந்து குடுக்கறதான்னாங்க."

வெள்ளைக்காரத் தம்பதி, மேடம், பெஞ்சில் காத்திருந்த அத்தனை புருஷன்மார்கள். அந்த வரிசையில் எனக்கும் அக்கா ஒரு இடம் போட்டு, மைசூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கிறார். இத்தனை வருடமாக நான் அங்கேதான் இருந்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அக்கா சொன்னபடியே நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். தவமணி மூலையிலிருந்த பானைக்குப் போய், தம்ளரை இடது கையில் பிடிக்க முடியாமல் மேஜை மேல் வைத்து, வலது கையால் தண்ணீர் மோந்து ஊற்றி எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.